பிரேக்குக்கு எத்தனை கிலோ?

நம்ம மக்கள் வீட்டு பேஸ்மென்ட்ல இறங்கிப் பாருங்க. கேரம் போர்டு, துணி காயப்போட மட்டும் பயன்படுற டிரெட்மில், கொலு பொம்மைப் பெட்டி, இதுக்கெல்லாம் நடுவுல கடந்த சில வருஷமா ஒரு புது சாமான் உட்கார்ந்திருக்கு. ஒரு ஸ்டீயரிங், கீழே மூணு பெடல், முன்னாடி பெரிய திரை. ரேசிங் சிமுலேட்டர். மிச்சிகன் குளிர்ல நாலு மாசம் பசங்களை வெளியில விட முடியாது, அதனால எங்க பக்கம் இது கொஞ்சம் அதிகம்னே சொல்லலாம்.

"எதுக்குங்க இவ்ளோ காசு போட்டு?"ன்னு கேட்டா எல்லா அப்பாக்களும் ஒரே பதில்தான் கைவசம் வச்சிருக்காங்க. "டிரைவிங் பழக்கம் வரும்ல!"

வருமா? என் கட்சி இதுதான்: வரும். ஆனா அந்த பிரேக் பெடலை எப்படி செட் பண்ணி வச்சிருக்கீங்க என்பதைப் பொறுத்து. நான் பார்த்த வரைக்கும் முக்கால்வாசி வீட்ல அது பையன் ஜெயிக்கிறதுக்காக செட் பண்ணினது, நிறுத்தப் பழகுறதுக்காக இல்லை. அந்தக் காலோட அவன் ஜூலை லீவுல ஊருக்கு வந்து, தாத்தாகிட்ட கார் சாவியை வாங்கிக்கிட்டு, "திருமலைக்கு நான்தான் ஓட்டுவேன்"னு நிக்கிறான். அங்கதான் எனக்கு வயித்தைக் கலக்குது.

நான் சித்தூர்க்காரன். 2022 ஏப்ரல்ல திருப்பதியைத் தனி மாவட்டமாப் பிரிச்சுட்டாங்க, ஆனா எங்களுக்கு ரெண்டும் ஒரே ஊர்தான். மொட்டை, காது குத்து, நிச்சயதார்த்தப் புடவை, எல்லாத்துக்கும் அங்கதான் ஓட்டம். அந்த மலைப்பாதையை நினைச்சுக்கிட்டேதான் இந்த பெடல் விஷயத்தை எழுதறேன். பொறுமையா படிங்க, கொஞ்சம் கணக்கும் வரும்.

பெடலுக்குள்ள என்ன இருக்கு?

சிமுலேட்டர் பெடல்ல பெரும்பாலும் ரெண்டு ஜாதி. ஒண்ணு, கால் எவ்வளவு தூரம் இறங்குச்சுன்னு அளக்கிறது. இன்னொண்ணு, எவ்வளவு பலமா அழுத்தினீங்கன்னு அளக்கிறது.

முதல் ஜாதிக்குள்ள இருக்கிறது பொட்டென்ஷியோமீட்டர். பேரைப் பார்த்து பயப்படாதீங்க, நம்ம தாத்தா காலத்து ரேடியோவுல சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகு இருந்துச்சே, அதேதான். அந்தத் திருகுல தூசி சேர்ந்தா கரகரன்னு கத்தும் இல்லையா? பெடல்ல தூசி சேர்ந்தாலும் அதே கதை, கால் வைக்காமலே பிரேக் துடிக்கும். ஆரம்ப விலை செட்ல பெரும்பாலும் இதுதான். லாஜிடெக் ஜி29 மாதிரி செட்ல பிரேக்குக்குப் பின்னாடி ஒரு ரப்பர் துண்டு வச்சு, கடைசிப் பகுதியில கொஞ்சம் கெட்டியா இருக்கிற மாதிரி செஞ்சிருப்பாங்க. ஆனா அளக்கிறது என்னவோ தூரத்தைத்தான்.

ரெண்டாவது ஜாதி லோடு செல். மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசுக்குள்ள இருக்கிற அதே சமாச்சாரம். ஒரு உலோகத் துண்டு, அது மேல ஒட்டின மெல்லிசான கம்பி. அழுத்தினா உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும், கம்பியோட மின்தடை மாறும், அதை வச்சு எத்தனை கிலோன்னு கணக்கு வரும். உங்க கால் கிட்டத்தட்ட நகராது, பலம் மட்டும்தான் மாறும்.

நிஜக் கார் பிரேக் எந்த ஜாதி? ரெண்டாவதுக்குப் பக்கம். முதல்ல கொஞ்சம் வெறும் ஆட்டம் இருக்கும், அது தீர்ந்ததும் குழாய்ல இருக்கிற எண்ணெய் அழுத்தம் ஏறும். எண்ணெயை நசுக்க முடியாதுங்கிறதால பெடல் அதுக்கப்புறம் பெரிசா இறங்காது, பலம்தான் கூடும். அதனால நம்ம கால் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கிறது தூரத்தை இல்லை, பலத்தை. கண்ணை மூடிக்கிட்டு கேட்டா "எத்தனை அங்குலம் இறக்கினேன்"னு யாராலயும் சொல்ல முடியாது. "மெதுவா, நடுத்தரமா, ஓங்கி"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க.

எவ்வளவு பலம்? அமெரிக்க மத்திய வாகனப் பாதுகாப்பு விதி 135ன்னு ஒண்ணு இருக்கு. அதுல நிறுத்தும் சோதனைக்கு பெடல் மேல கொடுக்கக்கூடிய விசை 65 நியூட்டன்லேர்ந்து 500 நியூட்டன் வரை. நம்ம கணக்குல சுமார் ஆறரை கிலோலேர்ந்து 51 கிலோ வரை. அன்றாட ஓட்டத்துல நாம கீழ் முனையிலேயே காலத்தைத் தள்ளிடுவோம், இன்ஜின் உறிஞ்சுற வெற்றிடத்தை வச்சு வேலை செய்யற பூஸ்டர் உதவி பண்ணுது. ரேஸ் காருக்கு அந்த உதவி கிடையாது, ஃபார்முலா ஒன்ல 100 கிலோவுக்கு மேல மிதிக்கிறாங்க.

ஜெயிக்கிற செட்டிங், நிறுத்துற செட்டிங்

காலிபரேஷன்னா என்ன? பெடல் அனுப்புறது வெறும் எண். சில செட்ல 0லேர்ந்து 255 வரை, சிலதுல 1023 வரை, சிலதுல 65,535 வரை. எந்த எண்ணை "பிரேக்கே இல்லை"ன்னு எடுத்துக்கணும், எதை "முழு பிரேக்"னு எடுத்துக்கணும்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றதுதான் காலிபரேஷன். நடுவுல எப்படி ஏறணும்னு சொல்றது சென்சிடிவிட்டி, அதாவது வளைவுக்கோடு.

இங்கதான் பசங்க புத்திசாலித்தனத்தைக் காட்டுவாங்க. முழு பிரேக்குங்கிற புள்ளியைக் கீழே இறக்கி, முப்பது சதவீதம் மிதிச்சாலே நூறு சதவீதம் பிடிக்கிற மாதிரி வச்சுடுவாங்க. கூடவே சிமுலேட்டர்ல ஏபிஎஸ் உதவியையும் போட்டுக்குவாங்க. அப்புறம் என்ன? பிரேக் ஒரு லைட் சுவிட்ச் மாதிரி ஆயிடும். ஒண்ணு ஆன், இல்லை ஆஃப். வளைவு வந்துச்சா, தட்டு. சக்கரம் பூட்டிக்காம கம்ப்யூட்டர் பார்த்துக்கும். சுற்று நேரம் ரெண்டு செகண்ட் குறையும், பையன் மேல ஓடி வந்து "அப்பா! பர்சனல் பெஸ்ட்!"ம்பான், நாமும் காபியை வச்சுட்டு கை தட்டுவோம் :-)

இன்னொரு வித்தை வளைவுக்கோடு. சில விளையாட்டுகள்ல இதுக்கு காமான்னு பேரு. காமா 1ன்னா நேர்கோடு, பாதி மிதிச்சா பாதி பிரேக். காமா 2ன்னா பாதி மிதிச்சா கால்வாசி பிரேக்தான். காமா 0.5ன்னா கால்வாசி மிதிச்சாலே பாதி பிரேக். தூரத்தை அளக்கிற பெடலுக்கு 1க்கு மேல வைக்கிறதுல நியாயம் இருக்கு, ஏன்னா நிஜ பெடல்லயும் கடைசிப் பகுதியிலதான் பலம் குபீர்னு ஏறும். லோடு செல்லுக்கு நேர்கோடே போதும், அது ஏற்கனவே பலத்தைத்தான் அளக்குது. 1க்குக் கீழே வைக்கிறதுக்கு மட்டும் நியாயம் எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான், சோம்பேறிக் கால்.

"அட விடுங்க, விளையாட்டுதானே, இஷ்டத்துக்கு வச்சுக்கட்டும்"னு நீங்க சொல்லலாம். சரி, விளையாட்டுன்னு சொல்லிட்டு வாங்கினா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். சீட்டுக்கட்டு மாதிரி அதுவும் ஒண்ணு. ஆனா "டிரைவிங் பழக்கம்"னு சொல்லித்தானே வீட்டம்மாகிட்ட அனுமதி வாங்கினீங்க? அப்ப அந்த வார்த்தைக்கு ஒரு மரியாதை வேணும்.

சிமுலேட்டரால ஒண்ணுமே வராதுன்னு சொல்ற கட்சியும் இருக்கு. அதுவும் தப்பு. ஜான் மார்டன்பரோன்னு ஒரு பையன் 2011ல கிரான் டூரிஸ்மோ விளையாடி ஜிடி அகாடமில ஜெயிச்சான், 2013ல லே மான்ஸ்ல நிஜக் காரை ஓட்டி தன் வகுப்புல மூணாவது இடத்துல முடிச்ச அணியில இருந்தான். 2023ல அதைப் படமாவே எடுத்தாங்க. நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005ல ஃபார்முலா ஒன் போனப்ப வீட்டு சிமுலேட்டர் இவ்வளவு தேறியிருக்கலை, இப்ப தொழில்முறை ஓட்டுநர்களுக்கே அது தினசரி சாதகம் மாதிரி. இந்தியாவுல 2021 ஜூலை முதல் அமலுக்கு வந்த விதிப்படி, அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையம்னா சிமுலேட்டர் இருந்தே ஆகணும். ஆக சாமான் மேல குறை இல்லை. அதுல காலை எப்படிப் பழக்குறோம் என்பதுதான் சமாச்சாரம்.

இப்ப மலைக்கு வருவோம்

அலிபிரிலேர்ந்து திருமலைக்கு ரெண்டு ரோடு. 1944ல போட்டது பழசு, 1974ல வந்தது ரெண்டாவது. ஏற ஒண்ணு, இறங்க ஒண்ணுன்னு ஒரு வழிப் பாதையா பயன்படுத்துறாங்க. இறங்குறது பழைய ரோட்டுல. சுமார் 19 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவு.

தேவஸ்தானம் அந்த ரோட்டுக்கு ஒரு விதி வச்சது. ஏற குறைஞ்சது 28 நிமிஷம், இறங்க குறைஞ்சது 40 நிமிஷம். அதுக்கு முன்னாடி போய் நின்னா அபராதம். ரேஸ்ல சீக்கிரம் வந்தா கோப்பை, நம்ம ஊர்ல சீக்கிரம் வந்தா தண்டம்! முதல் தடவை கேட்கும்போது சிரிப்பா இருக்கும். அதுலயும் கவனிங்க, ஏறுறதை விட இறங்குறதுக்கு நேரம் அதிகம். ஏன்?

ஒரு சின்ன கணக்கு போடுவோம். அஞ்சு பேர், பெட்டி, லட்டு எல்லாம் சேர்த்து கார் 1500 கிலோன்னு வச்சுக்கங்க. மேலேர்ந்து கீழே சுமார் 700 மீட்டர் உயரம் இறங்குது. பெருக்கினா ஒரு கோடி ஜூலுக்குக் கொஞ்சம் மேல வரும். அது எவ்வளவுன்னா, 30 லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு. கல்யாண வீட்டு அண்டா ஒண்ணு. டயர் உராய்வும் காத்தும் ஒரு பங்கை வாங்கிக்கும். மிச்சத்தை ஒண்ணு இன்ஜின் வாங்கணும், இல்லை பிரேக் வாங்கணும். வேற போக்கிடம் கிடையாது.

40 நிமிஷத்துல இறங்கினா இந்தச் சூடு சராசரியா நாலு கிலோவாட்டுக்கு மேல. குளியலறை கீசர் ரெண்டு விடாம எரியற மாதிரி. அதே மலையை 20 நிமிஷத்துல இறங்கினா நாலு கீசர். மொத்தச் சூட்டுல பெரிய மாற்றம் இல்லை, ஆறுறதுக்கு நேரம்தான் பாதி. ஆக அந்த 40 நிமிஷ விதி வேகத்துக்கு மட்டும் போட்ட கடிவாளம் இல்லை, பிரேக் ஆறுறதுக்குக் கொடுத்த அவகாசமும்தான். இப்படித்தான் நான் அதைப் படிக்கிறேன்.

பிரேக் சூடேறினா என்ன ஆகும்? ரெண்டு வகையில கை விரிக்கும். பேடு அளவுக்கு மீறிச் சூடானா பிடிமானம் குறையும். பெடல் கெட்டியாதான் இருக்கும், வண்டி மட்டும் நிக்காது. இன்னொண்ணு பிரேக் எண்ணெய். டாட் 3 எண்ணெய் புதுசா இருக்கும்போது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஆனா அது காத்துலேர்ந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் சேர்ந்த எண்ணெய்க்கு அந்த வரம்பு 140 டிகிரிக்கு வந்துடும். டாட் 4க்கு இது 230, 155. எண்ணெய் கொதிச்சா குழாய்க்குள்ள ஆவி. ஆவியை நசுக்கலாமே! அதனால பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போகும், பிரேக் பிடிக்காது. தாத்தா கார் வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடி, மீதி நாள் ஷெட்ல நிக்குது. அதுல எண்ணெய் கடைசியா எப்ப மாத்தினாங்கன்னு கேட்டுப் பாருங்க, பதில் சிரிப்பாதான் வரும்.

பேஸ்மென்ட்டுக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். வீட்டு விளையாட்டுல பெடலை ஒரு தடவை காலிபரேட் பண்ணினா அது அப்படியே நிக்கும். நூறு சுற்று ஓட்டினாலும் நாப்பது சதவீதம்னா நாப்பது சதவீதம்தான். (சில நல்ல சிமுலேட்டர் பிரேக் சூட்டைக் கணக்கு போடும், ஆனா உங்க கால்ல அந்தப் பெடல் மெத்துனு ஆகாது.) மலையில காலிபரேஷன் வண்டி ஓடும்போதே மாறிக்கிட்டு இருக்கும். முதல் வளைவுல பத்து கிலோ மிதிச்சு நின்ன வண்டிக்கு இருபதாவது வளைவுல பதினஞ்சு கிலோ கேட்கலாம். அந்த மாற்றத்தைக் காதால இல்லை, கண்ணால இல்லை, காலாலதான் கண்டுபிடிக்கணும். லைட் சுவிட்ச் மாதிரி தட்டிப் பழகின காலுக்கு எப்படிங்க தெரியும்? அதுக்கு பத்தும் தெரியாது, பதினஞ்சும் தெரியாது.

"இப்ப எல்லா கார்லயும் ஏபிஎஸ் இருக்கே"ம்பாங்க. இருக்கு. 2019 ஏப்ரல்லேர்ந்து இந்தியாவுல விக்கிற புது கார் எல்லாத்துக்கும் கட்டாயம். ஆனா ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்காமப் பார்த்துக்குமே தவிர, தட்டை ஆற வைக்காது. கொதிக்கிற அண்டாவை அதுவால இறக்கி வைக்க முடியாது.

போன தடவை எங்களை மலையிலேர்ந்து இறக்கிக் கூட்டிட்டு வந்த ஜீப் டிரைவர் பக்கத்துல என் அண்ணன் பையன் உட்கார்ந்திருந்தான். பாதி தூரம் வந்ததும், "அண்ணா, நீங்க பிரேக்கே பிடிக்கலையே?"ன்னு கேட்டான். அவர் தெலுங்கு கலந்த தமிழ்ல சொன்னார்: "ஏறின கியர்லயே எறங்கணும் தம்பி. பிரேக் வந்து வளைவுக்குத்தான். வழியெல்லாம் செலவு பண்ணிட்டா, வளைவு வரப்போ கையில காசு இருக்காது." எந்தப் பயிற்சி மையத்துலயும் இதை விட நல்லா சொல்லிக் கேட்டதில்லை.

இன்னொரு பக்கம், பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டு இறக்குற பெரியவங்களும் நம்ம குடும்பத்துலயே இருக்காங்க. சில பேர் இன்ஜினையே அணைச்சிடுவாங்க. இன்ஜின் அணைஞ்சா பூஸ்டர்ல மிச்சமிருக்கிற வெற்றிடம் ரெண்டு மூணு மிதியிலேயே தீர்ந்துடும், அப்புறம் உங்க கால் பலம் மட்டும்தான். பத்து கிலோவுல நின்ன வண்டி ஐம்பது கிலோ கேட்கும். அந்த மாமாவுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பாடம் :-)

திருமலையாவது ஒரு வழிப் பாதை, எதிர்ல வண்டி வராது. பெங்களூர்ல இறங்கி கார்ல வர்றவங்க பலமனேர் தாண்டி மொகிலி கணவாய் வழியாத்தான் சித்தூருக்கு வரணும். பீலேர் பக்கம் போனா பாக்கராபேட்டை கணவாய். 2022 மார்ச்ல பாக்கராபேட்டையில நிச்சயதார்த்தத்துக்கு வந்துக்கிட்டிருந்த பஸ் பள்ளத்துல விழுந்துச்சு. 2024 செப்டம்பர்ல மொகிலியில பஸ்ஸும் லாரியும் மோதிச்சு. ரெண்டுலயும் பல குடும்பங்கள் ஆளை இழந்துச்சு. ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேற வேற, அதைப் பெடல் கணக்குல அடக்க நான் முயற்சி பண்ணலை. ஆனா அந்த ரோட்டுல தொழில்முறை டிரைவர்களே தடுமாறுறாங்கன்னா, லீவுல வந்த பதினெட்டு வயசுக்கு நாம எவ்வளவு யோசிக்கணும்?

எலெக்ட்ரிக் கால்

இதுல புதுசா ஒரு சிக்கல் சேர்ந்திருக்கு. இங்க நிறைய வீட்ல எலெக்ட்ரிக் கார். பசங்க ஓட்டப் பழகுறதே அதுலதான். ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்தாலே மோட்டார் டைனமோ ஆகி வண்டியைப் பிடிச்சு நிறுத்திடும். வாரக்கணக்குல பிரேக் பெடலைத் தொடாமலே ஓட்டுற பசங்க இருக்காங்க. அருமையான ஏற்பாடு. 2022 செப்டம்பர்ல ஆந்திரா அரசுப் போக்குவரத்துக் கழகம் திருமலை ரோட்டுல எலெக்ட்ரிக் பஸ் விட்டப்ப எனக்கு ரொம்ப சந்தோஷம், அந்த அண்டா சூட்டுல ஒரு பங்கு வீணாப் போகாம பேட்டரிக்குத் திரும்பும்.

ஆனா அந்தக் கால் ஊர்ல வாடகை டீசல் வண்டியில ஏறுது. காலை எடுத்தா நிக்கும்னு அதுக்கு நினைப்பு. வண்டி நிக்காது. மூணாவதா ஒரு கிளட்ச் வேற. இங்க 14 வயசு 9 மாசத்துலேயே மிச்சிகன்ல கத்துக்கிற லைசென்ஸ் கொடுக்கிறாங்க, 50 மணி நேரம், அதுல 10 மணி நேரம் ராத்திரி, பெத்தவங்க பக்கத்துல உட்கார்ந்து ஓட்ட வைக்கணும். அந்த ஐம்பது மணி நேரத்துல மலை இறக்கம் எத்தனை நிமிஷம்? எங்க ஊர் தரை தோசைக்கல்லு மாதிரி. பூஜ்ஜியம்.

அப்ப என்னதான் பண்றது?

ஒரு சனிக்கிழமை அரை நாள் ஒதுக்குங்க. அப்பாவும் பிள்ளையும், முடிஞ்சா அம்மாவும் பெண்ணும். (பெடலுக்கு ஆண் பெண் தெரியாது.)

முதல்ல இருக்கை. சக்கரம் வெச்ச ஆபீஸ் நாற்காலியில உட்கார்ந்து பிரேக் மிதிச்சா வண்டி நிக்காது, நாற்காலிதான் பின்னாடி போகும். நாற்காலியைக் கட்டுங்க, பெடலைச் சுவத்தோட முட்டுக் கொடுங்க. இது இல்லாம மத்த எதுவும் வேலைக்காகாது.

ரெண்டு, பூஜ்ஜியம். காலை எடுத்துட்டு திரையில பிரேக் கோட்டைப் பாருங்க. அசையாம பூஜ்ஜியத்துல நிக்கணும். லேசா துடிச்சா ரெண்டு மூணு சதவீதம் டெட்ஜோன் கொடுங்க, அதாவது அந்த அளவை கணக்குல எடுக்காதேன்னு சொல்லுங்க. ரொம்பத் துடிச்சா சுத்தம் பண்ணுங்க. பெரிய டெட்ஜோன் போட்டு மறைக்காதீங்க, பல் வலிக்கு மாத்திரை போட்டுக்கிட்டே இருக்கிற மாதிரி அது.

மூணு, உச்சம். திடீர்னு நாய் குறுக்க வந்தா எப்படி மிதிப்பானோ அப்படி மிதிக்கச் சொல்லுங்க. அதுல எண்பது, தொண்ணூறு சதவீதத்தை முழு பிரேக்னு வைங்க. லோடு செல்லா இருந்தா எத்தனை கிலோன்னே வைக்கலாம். முதல் தடவைக்கு 25, 30 கிலோ போதும். அது எப்படி இருக்கும்னு காலுக்குத் தெரியணும்னா, முள் காட்டுற பழைய எடை மெஷினைச் சுவத்துல சாய்ச்சு வச்சு உட்கார்ந்தபடி மிதிச்சுப் பாருங்க. பத்து கிலோன்னா என்ன, முப்பது கிலோன்னா என்னன்னு அரை மணி நேரத்துல பிடிபடும்.

நாலு, பெடல் அமைப்புல பழைய பழக்கமா பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒரே அச்சுல சேர்ந்திருந்தா பிரிச்சு விடுங்க. சேர்ந்திருந்தா ரெண்டையும் மிதிச்சா ஒண்ணை ஒண்ணு கழிச்சுக்கும், நிஜத்துல அப்படி எதுவும் நடக்காது.

அஞ்சு, ஏபிஎஸ் உதவியை அணைச்சுட்டு கண்ணைக் கட்டி விடுங்க. "முப்பது... ஐம்பது... எழுபது"ன்னு நீங்க சொல்ல, அவன் மிதிக்கணும். திரையில கோடு எங்க நிக்குதுன்னு நீங்க பாருங்க. முதல் நாள் சிரிப்பு சிரிப்பா வரும். ஒரு வாரத்துல அஞ்சு சதவீதத்துக்குள்ள வந்துடுவாங்க. சுற்று நேரத்தை விட இந்த விளையாட்டுல எனக்கு நம்பிக்கை அதிகம்.

ஆறு, அப்புறம் ஒரு மாசத்துக்கு செட்டிங்கைத் தொடக்கூடாது. தோத்தா கால் திருந்தணும், பெடல் திருந்தக்கூடாது.

இவ்வளவும் பண்ணினா மலைக்கு ரெடியா? இல்லை. இதுலேர்ந்து ஊருக்குக் கொண்டு போக வேண்டியது எந்த எண்ணையும் இல்லை, ஒரு வழக்கத்தைத்தான்: புது வண்டியில ஏறினா முதல் வேலை காலை காலிபரேட் பண்றது. காலியான தெருவுல இருபது கிலோமீட்டர் வேகத்துல மெதுவா ஒரு தடவை, நடுத்தரமா ஒரு தடவை, ஓங்கி ஒரு தடவை நிறுத்திப் பார்க்கணும். லோடு செல்லுல முப்பது கிலோ பழகின கால் பூஸ்டர் வண்டியில அதே பலத்தைக் காட்டினா பின் சீட்டு பாட்டி முன் சீட்டுக்கு வந்துடுவாங்க. லேசாத் தட்டிப் பழகின கால் பழைய வண்டியில அதையே பண்ணினா முன்னாடி போற ஆட்டோ மேல ஏறும். ரெண்டுக்கும் மருந்து அந்த அஞ்சு நிமிஷம்தான்.

ஓட்டுறவர் காலடியில உருளுற தண்ணி பாட்டில், லட்டுப் பை, கழட்டி விட்ட செருப்பு எதுவும் இருக்கக்கூடாது. பிரேக்குக்கு அடியில பாட்டில் மாட்டிக்கிட்டா எத்தனை கிலோ மிதிச்சும் பிரயோஜனம் இல்லை.

கடைசியா, என்னைத் திட்டினாலும் பரவாயில்லைன்னு சொல்றேன். திருமலை இறக்கத்துக்கு உள்ளூர் டிரைவரைப் போடுங்க. இல்லை பஸ்ல வாங்க. பையன் முன் சீட்ல உட்கார்ந்து அவர் காலைப் பார்க்கட்டும், எந்த கியர், எங்க பிரேக், எவ்வளவு நேரம்னு. அது அம்பது மணி நேரப் பயிற்சிக்குச் சமம். ரெண்டு மூணு தடவை பார்த்த பிறகு, லைசென்ஸும் சர்வதேச அனுமதியும் கையில இருந்தா, ஏறுற ரோட்டுல ஆரம்பிக்கலாம். வேகம்தான் வேணும்னா சித்தூர்லேர்ந்து சென்னை ரோட்டைப் பிடிங்க, இருங்காட்டுக்கோட்டையில 1990லேர்ந்து 3.7 கிலோமீட்டர் ரேஸ் டிராக் இருக்கு. அங்க சீக்கிரம் வந்தா யாரும் அபராதம் போட மாட்டாங்க.

சிமுலேட்டர் வாங்கறதை நான் எதிர்க்கலை. பிள்ளைங்க காலுக்குப் பலத்தை அளக்கத் தெரிஞ்சா அது பெரிய சொத்து. ஆனா பெடலை அவங்களுக்கு ஏத்தபடி வளைச்சுக் கொடுத்துட்டு, மலையும் அப்படி வளையும்னு அனுப்பி வைக்காதீங்க. ஏழுமலையான் நம்மளை மேல ஏத்திடுவார். கீழே இறங்க ரெண்டாவது கியர் வேணும்.

டிஸ்கி: "என் பையன் 40 கிலோ மிதிக்கிறான்"னு பெருமை பேச வர்ற அப்பாக்களுக்கு: சந்தோஷம். பத்து கிலோவை ஆடாம அசையாம ஒரு நிமிஷம் பிடிக்கச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம் :-)